'புட் தெம் ஆன்' சரி, 'புட் ஆன் தெம்' ஏன் தவறு? ஜீன்ஸ், பேண்ட்ஸ் வருமிடத்தில் ஒரு சந்தேகம்

மாலைவகுப்பு எழுதியது:

வணக்கம். வேலை முடிந்து வரும் பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இப்போது உடைகள் பாடம். உடை வாங்கும் உரையாடலில் ஒரு வரி: 'ஐ லைக் தீஸ் ஜீன்ஸ். கேன் ஐ ட்ரை தெம் ஆன்?' அதைப் படித்ததும் ஒருவர் கையைத் தூக்கினார். "கையில் இருப்பது ஒரே ஒரு ஜீன்ஸ். 'இட்' என்று சொல்லாமல் 'தெம்' என்று எதற்குச் சொல்கிறோம்?" என்றார். பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவர் அடுத்ததைக் கேட்டார். "'ட்ரை ஆன் தி ஜீன்ஸ்' சரி என்கிறீர்கள். அந்த 'தி ஜீன்ஸ்' இருந்த இடத்திலேயே 'தெம்' வைத்தால் மட்டும் ஏன் தவறு?"

விதி எனக்குத் தெரியும். ப்ரொனவுன் (பெயருக்குப் பதிலாக வரும் 'இட்', 'தெம்' போன்ற சொல்) வந்தால் வினைக்கும் 'ஆன்' போன்ற ஒட்டுச்சொல்லுக்கும் நடுவில்தான் வரவேண்டும். ஆனால் விதியை மட்டும் சொன்னால் அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த நாள் மறுபடி 'ட்ரை ஆன் தெம்' என்றுதான் சொல்வார்கள். பெரியவர்களுக்குக் காரணம் வேண்டும். போதாக்குறைக்கு அதே பாடத்தின் கடைசியில், வளர்ந்துவிட்ட பையனைப் பற்றி 'ஹி ஹேஸ் க்ரோன் அவுட் ஆஃப் தெம்' (அவை அவனுக்குச் சின்னதாகிவிட்டன) என்று ஒரு வரி இருக்கிறது. அங்கே 'தெம்' கடைசியில் உட்கார்ந்திருக்கிறது! இதை அவர்கள் கவனிப்பதற்கு முன்பே தெளிவாக ஒரு விளக்கம் தயார் செய்துகொள்ள நினைக்கிறேன். "ஆங்கிலம் அப்படித்தான்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

ஊசிநூல் எழுதியது:

டீச்சர், நல்ல மாணவர்கள் கிடைத்திருக்கிறார்கள் உங்களுக்கு. நான் ஆங்கிலத்தில் வரும் தையல் செய்முறைகளைத் தமிழில் எழுதுகிறவள். பேண்ட்டும் ஷார்ட்ஸும், 'புட் ஆன்' மாதிரி ஒட்டுச்சொல்லோடு வரும் ஃப்ரேசல் வெர்ப்பும்தான் என் அன்றாடப் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், அவர்கள் கேட்டது இரண்டு தனித்தனிக் கேள்விகள். 'இட்'டா 'தெம்'மா என்பது பெயர்ச்சொல்லைப் பொறுத்தது. நடுவிலா கடைசியிலா என்பது வினையோடு வரும் அந்தச் சின்னச் சொல்லைப் பொறுத்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லை. சட்டையாக இருந்தாலும் 'ட்ரை இட் ஆன்' என்று நடுவில்தான் வரும். வகுப்பில் இந்த இரண்டையும் வேறு வேறு நாளில் நடத்துங்கள் என்பேன். ஒரே வரியில் சேர்ந்து வருவதால்தான் குழப்பம்.

ஒருமை பன்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கால் உள்ள உடைகளுக்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் பன்மைதான்: ட்ரவுசர்ஸ், ஜீன்ஸ், ஷார்ட்ஸ், லெக்கிங்ஸ், டைட்ஸ், பிஜாமாஸ், அண்டர்பேண்ட்ஸ். இரண்டு பக்கம் உள்ள கருவிகளும் அப்படியே: சிசர்ஸ், ப்ளையர்ஸ், ட்வீசர்ஸ், கண்ணில் போடும் க்ளாசஸ். ஒன்றே ஒன்று இருந்தாலும் 'மை ஜீன்ஸ் ஆர் வெட்', 'தீஸ் ட்ரவுசர்ஸ்', 'வேர் ஆர் தே?' என்றுதான் வாக்கியம் முழுக்கப் பன்மை ஓடும். நம் பேச்சில் 'பேண்ட் ஈரமா இருக்கு' என்று சொல்லிப் பழகியதால் 'இட்' தானாக வாயில் வந்துவிடுகிறது. நாம் அந்தச் சொல்லை வாங்கும்போதே கடைசி 'ஸ்'ஸை விட்டுவிட்டோம்.

இரண்டு கைகள் இருந்தாலும் சட்டைக்கு இது பொருந்தாது. ஷர்ட், ஜாக்கெட், ஸ்வெட்டர் எல்லாம் 'இட்'. சூட், ட்ராக்சூட், யூனிஃபார்ம் 'இட்'. ஆனால் 'ட்ராக்சூட் பாட்டம்ஸ்' என்று கால்பகுதியை மட்டும் சொன்னால் உடனே 'தெம்'. 'அண்டர்வேர்' எண்ண முடியாத சொல், அதனால் 'இட்'. 'அண்டர்பேண்ட்ஸ்' என்றால் 'தெம்'. பொருள் ஒன்றாக இருந்தாலும் சொல் மாறினால் ப்ரொனவுனும் மாறும். ஆகவே பொருளைப் பார்க்காமல் சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இனி இடம். 'புட் ஆன் யுவர் ஜீன்ஸ்', 'புட் யுவர் ஜீன்ஸ் ஆன்' இரண்டும் சரி. 'புட் தெம் ஆன்' சரி. 'புட் ஆன் தெம்' தவறு. காரணம் அழுத்தத்தில் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடம் பொதுவாக அழுத்திச் சொல்லும் இடம், புதிய செய்தி வந்து விழும் இடம். 'தெம்' என்பது முன்பே பேசிவிட்ட பொருள், அதில் புதிதாக எதுவும் இல்லை. அதை அழுத்தமே இல்லாமல் விழுங்கித்தான் சொல்கிறார்கள், பேச்சில் அது வெறும் 'எம்' ஆகிவிடும்: 'புட்டெம் ஆன்'. 'ஆன்' என்பதில்தான் குரல் ஏறும். இப்போது 'புட் ஆன் தெம்' என்று சொல்லிப் பாருங்கள். அழுத்தம் வரவேண்டிய இடத்தில் அழுத்தமே தாங்காத ஒரு சொல் நிற்கிறது. காதுக்கு அங்கேதான் இடிக்கிறது.

இதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் 'தீஸ்' என்ற சொல்லைப் பாருங்கள். இரண்டு ஜீன்ஸில் ஒன்றைக் காட்டி 'ட்ரை ஆன் தீஸ்' என்று சொல்லலாம், தவறே இல்லை. 'தீஸ்'ஸும் பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக வருவதுதான், ஆனால் விரல் நீட்டிச் சுட்டுவதால் அழுத்தம் தாங்குகிறது. 'ட்ரை தீஸ் ஆன்' என்றும் சொல்லலாம்.

மறுபக்கமும் உண்டு. பெயர்ச்சொல் நீண்டுவிட்டால் கடைசிக்குப் போய்விடும். 'நேற்று துவைத்துக் காயப்போட்ட அந்த நீல ஜீன்ஸ்' என்று நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தால் 'புட் ஆன்' என்று முடித்துவிட்டு அதற்குப் பிறகு முழுவதையும் சொல்வார்கள். 'ஆன்' வருவதற்காகக் கேட்பவரை அவ்வளவு நேரம் காக்கவைப்பதில்லை. ஆக, நீளமானது கடைசிக்குப் போகும், 'தெம்' மாதிரி லேசானது நடுவில் ஒளிந்துகொள்ளும், இரண்டுக்கும் இடைப்பட்டதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

'க்ரோன் அவுட் ஆஃப் தெம்' பற்றித் தனியாக எழுதுகிறேன், அதுதான் இந்த விஷயத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி.

பழையஏடு எழுதியது:

ஊசிநூல் வருவதற்குள் ஒரு சின்னச் செய்தி. இந்தப் பன்மைப் பழக்கம் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு 'பிஜாமாஸ்' ஒன்றே போதும். பாரசீகத்தில் 'பாய்' என்றால் கால், 'ஜாமா' என்றால் உடை. காலில் போடும் உடை, ஒருமைச் சொல். உருது, இந்தி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. போன இடத்தில் ட்ரவுசர்ஸ், ப்ரீச்சஸ் (முழங்கால் அளவு பழைய கால்சட்டை) என்று எல்லாமே 'ஸ்' போட்டுக்கொண்டிருந்ததால் இதற்கும் ஒரு 'ஸ்' மாட்டிவிட்டார்கள். ஜோத்பூர் என்ற ஊரின் பெயரும் குதிரையேற்ற உடையான பிறகு 'ஜோத்பர்ஸ்' ஆகிவிட்டது.

'ப்ரீச்சஸ்' இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் 'ப்ரோக்' என்று ஒருமை இருந்தது, அதன் பன்மை 'ப்ரேக்'. அந்தப் பன்மைச் சொல் பிற்பாடு 'ப்ரீச்' என்று ஒருமையாக எண்ணப்பட்டு, அதன்மேல் மீண்டும் பன்மை விகுதி ஏறியது. பன்மைக்கு மேல் பன்மை! இடைக்கால ஐரோப்பாவில் கால்களுக்குத் தனித்தனி உறைகள் போட்டுக் கட்டிக்கொண்டார்கள் என்பதும், பிறகு அவை இடுப்பில் சேர்த்துத் தைக்கப்பட்டன என்பதும் உண்மை. ஆனால் கத்தரிக்கோலும் கண்ணாடியும் இதே வரிசையில் நிற்பதைப் பார்த்தால், ஒட்டிப் பிறந்த இரண்டு பாகங்கள் என்ற பார்வைதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. 'தமிழில் பன்மை இல்லாமல் பேசுகிறோம், அதனால் தவறு செய்கிறோம்' என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். நம் இலக்கணத்தில் பால்பகா அஃறிணைப் பெயர் என்று ஒரு வகையே இருக்கிறது. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' இரண்டிலும் 'மாடு'தான், வினைதான் எண்ணைச் சொல்கிறது. அந்த அறிவோடுதான் அவர்கள் வகுப்புக்கு வருகிறார்கள். 'ஜீன்ஸ்' என்ற சொல்லும் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் பொது, ஆனால் அதன் வினை மட்டும் எப்போதும் பன்மை என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

ஊசிநூல் எழுதியது:

பால்பகா அஃறிணையை இங்கே கொண்டுவந்தது மிகப் பொருத்தம் ஐயா. எனக்குத் தோன்றியதே இல்லை.

இப்போது 'க்ரோன் அவுட் ஆஃப் தெம்'. வினையோடு வரும் சின்னச் சொற்களில் இரண்டு சாதி... வேண்டாம், இரண்டு வகை என்றே சொல்கிறேன். ஒரு வகை வினையோடு ஒட்டிக்கொள்ளும். மற்றது பின்னால் வரும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். 'புட் ஆன்' என்பதில் 'ஆன்' வினையின் சொத்து, இரண்டும் சேர்ந்துதான் 'போட்டுக்கொள்'. 'க்ரோ அவுட் ஆஃப் தெம்' என்பதில் 'ஆஃப்' பெயரின் சொத்து. 'ஆஃப் தெம்' என்பது ஒரே துண்டு, அதைப் பிரித்து 'தெம்'மை முன்னால் இழுக்க முடியாது.

இதே பிரிவு தமிழில் நமக்குப் பழக்கமானதுதான். பெயரோடு ஒட்டும் வகை நம் வேற்றுமை உருபும் சொல்லுருபும் செய்கிற வேலையைச் செய்கிறது: 'இன்ட்டு தெம்' என்றால் 'அதற்குள்'. வினையோடு ஒட்டும் வகையை அப்படித் தனியாக எழுத இடமே கிடைக்காது, வினைக்குள் கரைந்துவிடும். 'டேக் தெம் ஆஃப்' (இது வேறு 'ஆஃப்', off) என்பதை 'கழற்று' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம், 'ஆஃப்' எங்கே போனதென்று தெரியாது.

ஒரே சொல் இரண்டு வேலையும் செய்வதுண்டு, அதைக் காட்டினால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஜீன்ஸில் முழங்காலில் கிழிசல், ஒட்டுத்துணி வைக்கிறோம். 'புட் எ பேட்ச் ஆன் தெம்'. இங்கே 'ஆன் தெம்' முழுக்கச் சரி, ஏனென்றால் 'ஆன்' இப்போது 'அதன் மேல்' என்ற பொருளில் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் மாணவர் 'புட் ஆன் தெம்' என்று சொல்லும்போது ஆங்கிலக் காதில் இந்த 'அதன் மேல்'தான் விழுகிறது. அதன் மேல் எதை வைக்க என்று அந்தக் காது காத்துக்கொண்டிருக்கும். தவறு என்று சிவப்பில் அடிப்பதைவிட, கேட்பவருக்கு என்ன கேட்கிறது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

மனப்பாடம் செய்ய ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு: 'ஆஃப்' என்று முடியும் 'அவுட் ஆஃப்', அப்புறம் 'இன்ட்டு', 'ஃபார்', 'வித்', 'அட்' இவையெல்லாம் பெயரைப் பிடிக்கிறவை, 'தெம்' பின்னால்தான் வரும். 'கெட் இன்ட்டு தெம்', 'சேஞ்ச் இன்ட்டு தெம்', 'லுக் ஃபார் தெம்'. கழற்றுவதில் வரும் 'ஆஃப்' உச்சரிப்பும் வேறு, எழுத்தும் வேறு, 'எஃப்' இரண்டு முறை வரும். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் கரும்பலகையில் ஆங்கில எழுத்தில் காட்டிவிடுங்கள்.

தையலில் நான் தினமும் பார்க்கிற, வினையோடு ஒட்டும் வகை இவை. இடுப்பு தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தைப்பது 'டேக் தெம் இன்'. இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரித்து விடுவது 'லெட் தெம் அவுட்'. நீளத்தைக் குறைப்பது 'டேக் தெம் அப்', அடிமடிப்பைப் பிரித்து நீளமாக்குவது 'லெட் தெம் டவுன்'. ஜிப்பை இழுத்துவிடுவது 'ஜிப் தெம் அப்', பட்டன் கொக்கி எல்லாம் மாட்டுவது 'டூ தெம் அப்'. கால்பகுதியைச் சுருட்டிக்கொள்வது 'ரோல் தெம் அப்'. போட்டுப் போட்டு நைந்துபோகச் செய்வது 'வேர் தெம் அவுட்'. எல்லாவற்றிலும் 'தெம்' நடுவில். ஒரு பேண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிச் சொல்லிச் செய்துகாட்டுங்கள். எழுதிப் படிப்பதைவிட இது நிற்கும்.

புதுவரவு எழுதியது:

ஊசிநூல் அக்கா, எனக்கும் ஒன்று. 'எ பேர் (pair, ஜோடி) ஆஃப் ஜீன்ஸ்' என்று வந்தால் 'இஸ்'ஸா 'ஆர்'ரா? அதற்குப் பிறகு 'இட்' போடலாமா? ஒரு பயிற்சித்தாளில் 'இஸ்' போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்தில் 'தெம்' என்று இருந்தது, அச்சுப்பிழையோ என்று நினைத்தேன்.

ஊசிநூல் எழுதியது:

அச்சுப்பிழை இல்லை தம்பி. வினை 'பேர்' என்ற சொல்லுக்குக் கட்டுப்படும், அதனால் 'இஸ்'. ஆனால் ப்ரொனவுன் ஜீன்ஸைப் பார்த்துவிடும். 'தேர் இஸ் எ பேர் ஆஃப் ஜீன்ஸ் ஆன் தி பெட். கேன் யூ ஃபோல்ட் தெம் அப்?' இது இயல்பான ஆங்கிலம். அங்கே 'ஃபோல்ட் இட் அப்' என்று சொன்னால், ஜீன்ஸை விட்டுவிட்டு வேறு எதையோ மடிக்கச் சொல்வதாகக் கேட்கும்.

'ஒன்' என்பதிலும் கவனம். சட்டை கிழிந்தால் 'ஐ நீட் எ நியூ ஒன்'. ஜீன்ஸ் கிழிந்தால் 'எ நியூ பேர்' அல்லது 'நியூ ஒன்ஸ்'. எண்ணும்போது 'டூ பேர்ஸ் ஆஃப் ஜீன்ஸ்'. பேச்சில் 'டூ ஜீன்ஸ்' என்று காதில் விழலாம், தேர்வில் எழுதாதே.

ஷூ, சாக்ஸ், கையுறை இந்தக் கூட்டத்தில் சேராது. அவற்றுக்கு ஒருமை உண்டு. ஒற்றைச் செருப்பைத் தேடுகிறவர் 'ஐ கான்ட் ஃபைண்ட் இட்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஒற்றை ஜீன்ஸ் என்று ஒன்று கிடையாது, ஒற்றைக் கால்தான் உண்டு, அதற்கு 'ட்ரவுசர் லெக்'. அந்தச் சொல்லில் 'ஸ்' போய்விட்டது பார். இன்னொரு பெயருக்கு முன்னால் அடைமொழியாக வரும்போது ட்ரவுசர்ஸும் பிஜாமாஸும் 'ஸ்'ஸை உதிர்த்துவிடும்: 'ட்ரவுசர் பாக்கெட்', 'பிஜாமா டாப்'. ஜீன்ஸும் க்ளாசஸும் உதிர்க்காது: 'ஜீன்ஸ் பாக்கெட்', 'க்ளாசஸ் கேஸ்'. 'க்ளாசஸ் கேஸ்' என்பதை 'க்ளாஸ் கேஸ்' ஆக்கினால் அது கண்ணாடியால் ஆன பெட்டி ஆகிவிடும்.

பழையஏடு எழுதியது:

ஒரு திருத்தம் அல்ல, ஒரு சேர்க்கை. ஃபேஷன் துறையில் 'எ ஸ்கின்னி ஜீன்', 'எ வைட் ட்ரவுசர்' என்று ஒருமையில் எழுதுவார்கள். அது ஒரு வடிவமைப்பைச் சொல்வது, அலமாரியில் இருக்கும் உடையைச் சொல்வது இல்லை. மாணவர்கள் இணையத்தில் பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள். அந்தத் துறைக்கு வெளியே அப்படிப் பேசுவதில்லை.

மாலைவகுப்பு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று ஒட்டும் வகை, பெயரைப் பிடிக்கும் வகை என்று பிரித்துச் சொன்னேன். ஒட்டுத்துணி எடுத்துக்காட்டுக்கு வகுப்பே சிரித்துவிட்டது, புரிந்த சிரிப்பு. பேண்ட் ஒன்றைக் கொண்டுபோய் ஜிப், மடிப்பு எல்லாம் செய்துகாட்டினேன். 'டேக் தெம் இன்', 'லெட் தெம் அவுட்' இரண்டையும் யாரும் மாற்றிச் சொல்லவில்லை.

ஆனால் புதிதாக ஒன்று முளைத்தது. 'அவர் கறுப்பு ஜீன்ஸ் போட்டிருக்கிறார்' என்பதை 'ஹி இஸ் புட்டிங் ஆன் ப்ளாக் ஜீன்ஸ்' என்று பலரும் சொன்னார்கள். 'போடு' என்றால் 'புட் ஆன்' என்று நானே சொல்லிக் கொடுத்ததன் விளைவு. இதை எங்கிருந்து தொடங்குவது?

ஊசிநூல் எழுதியது:

அவர்கள் வாயில் வந்த தமிழிலிருந்தே தொடங்குங்கள் டீச்சர். 'போட்டுக்கொண்டிருக்கிறார்', 'போட்டிருக்கிறார்' இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முதலாவதில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, வேலை நடக்கிறது. அது 'ஹி இஸ் புட்டிங் தெம் ஆன்'. இரண்டாவதில் வேலை முடிந்து உடை உடம்பில் இருக்கிறது. அது 'ஹி இஸ் வேரிங் தெம்'. வேறுபாடு அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், தமிழில் ஒருவர்கூடத் தவறாகச் சொல்லமாட்டார். ஆங்கிலம் அதற்கு இரண்டு வேறு வினைகளை வைத்திருக்கிறது என்பது மட்டும்தான் புதிது.

'வேர்' தனி வினை, ஒட்டு எதுவும் வேண்டாம், அதனால் 'வேர் தெம்' என்று 'தெம்' பின்னால் வரலாம். உடம்பில் இருப்பதைச் சொல்ல ஒட்டோடு வரும் வினை ஒன்றும் உண்டு: 'ஹி ஹேஸ் தெம் ஆன்'. அதிலும் 'தெம்' நடுவில்தான். இதற்கு 'இங்' வடிவம் கிடையாது, 'ஹி இஸ் ஹேவிங் தெம் ஆன்' என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு நாம் போட்டுவிடுவது மூன்றாவது. 'போட்டுக்கொள்', 'போட்டுவிடு' என்று தமிழ் பிரிப்பதை ஆங்கிலம் 'புட் ஆன்' என்ற ஒன்றிலேயே முடித்துக்கொள்ளும், ஆனால் யாருக்கு என்று சொல்லவேண்டியிருந்தால் ஆளைக் கடைசியில் சேர்க்கும்: 'புட் தெம் ஆன் ஹிம்'. இந்த 'ஆன்' பெயரைப் பிடிக்கும் வகை. நாளைக்கு இதை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், 'வேர்' பாடத்தோடு கலக்க வேண்டாம்.